நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே வட்டத்தில் உட்கார: மாணவர் மன்றம் பற்றிய இழை

கேள்வி, ஜூன் 12

கடவுள், மதம், நம்பாமை பற்றி மனம்விட்டுப் பேச ஒரு மாணவர் மன்றம் தொடங்க நினைக்கிறோம். இப்போதைக்கு ஆறு பேர். நான்கு பேர் நம்பாதவர்கள், இரண்டு பேர் நம்புகிறவர்கள். "ஒன்று சண்டையில் முடியும், இல்லையென்றால் ஒரே கருத்துக்காரர்கள் மாறி மாறித் தலையாட்டும் கூட்டமாகிவிடும்" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஆகாமல் நடத்த முடியுமா?

ஜூன் 12, இரவு

முடியும். சீனியர்கள் சொன்ன இரண்டு ஆபத்தும் உண்மைதான், ஆனால் இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. சண்டை எல்லார் கண்ணிலும் படும். தலையாட்டும் கூட்டமோ சத்தமில்லாமல் ஆள் குறைந்து, ஒரு பருவம் முடிவதற்குள் நான்கு நண்பர்களின் அரட்டையாகிப் போகும்.

எந்த வகைப் பேச்சு என்பதை முதலில் தீர்மானியுங்கள். பழைய இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூலார் பேச்சை மூன்றாகப் பிரித்தார்கள். உண்மை எது என்று இரு தரப்பும் சேர்ந்து தேடுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது சல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளி சொல்வதை உடைப்பதே வேலையாக இருப்பது விதண்டை. நாம் தினமும் சொல்கிற விதண்டாவாதம் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். போட்டி மேடைகளில் பழகியவர்கள் சல்பத்தோடு வருவார்கள். நம்பாதவர்களில் பலர், தங்களை அறியாமலே, விதண்டையில் நின்றுவிடுவார்கள்: "நான் எதையும் சொல்லவில்லை, நீ நிரூபி." ஒரு கூட்டத்துக்கு அது சரி. எல்லாக் கூட்டத்திலும் அதையே கேட்டால் எதிரில் இருப்பவர் வருவதை நிறுத்திவிடுவார். இங்கே நடப்பது வாதம் என்று மன்றக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசியுங்கள்.

ஆள் கணக்கு 12 முதல் 18 வரை. எட்டுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் படுத்துவிடும். இருபதைத் தாண்டினால், 40 நிமிடத் திறந்த பேச்சில் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட வராது. வாயாடிகள் நான்கு பேர் பேச, மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். கூட்டம் பெருத்தால் இரண்டு வட்டமாகப் பிரியுங்கள்.

மொத்தம் 90 நிமிடம். கேள்வியை வாசித்து அதிலுள்ள சொற்களுக்குப் பொருள் ஒத்துக்கொள்ள 10. தொடக்கவுரை 15. எதிர்த்தரப்பு அதைத் திருப்பிச் சொல்ல 10. மறுப்பு 10. திறந்த பேச்சு 40. முடிவில் எழுத 5. நேரம் பார்க்கத் தனி ஆள் வேண்டும். நடத்துநரே கடிகாரத்தையும் பார்த்தால் இரண்டும் கெடும்.

ஜூன் 13

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். முதல் கூட்டத்துக்கு "கடவுள் உண்டா?" என்ற கேள்வியை வைக்காதீர்கள். பதினைந்து பேர் இருந்தால் அந்தச் சொல்லுக்குப் பதினைந்து பொருள் இருக்கும். ஒருவர் உலகைப் படைத்தவரைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் எங்கும் நிறைந்த ஒன்றைப் பற்றி, மூன்றாமவர் குலதெய்வத்தைப் பற்றி. பொருள் வரையறையிலேயே நேரம் போய்விடும்.

ஒரே கூட்டத்தில் பிடிக்குள் அடங்குகிற கேள்விகள் வேண்டும்: "ஒரு வேண்டுதல் பலித்தது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?" "நல்லது என்பதால் கடவுள் கட்டளையிட்டாரா, கட்டளையிட்டதால் அது நல்லதாயிற்றா?" "நேரில் கண்டவர் சொல்லை எப்போது ஏற்கலாம்?" "பிள்ளையைத் தன் மதத்தில் வளர்க்கும் உரிமை பெற்றோருக்கு எதுவரை உண்டு?" நான்கிலும் நம்புகிறவருக்கும் வேலை இருக்கிறது, நம்பாதவருக்கும் வேலை இருக்கிறது. இரு தரப்பும் பதில் தேட வேண்டியிருந்தால்தான் நல்ல கேள்வி. ஒரு தரப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி மறு தரப்பை விசாரிக்கச் சொல்லும் கேள்வியைத் திருப்பி எழுதுங்கள்.

ஜூன் 15

திருப்பிச் சொல்லும் அந்த 10 நிமிடத்தைப் பற்றி விரிவாக. மன்றத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்கவுரை முடிந்ததும் மறுப்பவர் எழுந்து உடனே மறுக்கக் கூடாது. முதலில் அவர் கேட்டதைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். தொடக்கவுரை பேசியவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. "இல்லை" என்றால் இன்னொரு முறை. மூன்றாவது முறையும் "இல்லை" என்றால், பேசியவரே இரண்டு வாக்கியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேச்சே தெளிவில்லாமல் இருந்தது என்பது அப்போது பேசியவருக்கே தெரியும்.

வெளிநாட்டுச் சரக்கு என்று இதை நினைக்க வேண்டாம். கணிதவியலாளர் அனடால் ராப்போபோர்ட் 1960-இல் இதை ஒரு விவாத முறையாக எழுதினார், உண்மை. ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் தன் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரைப் பரபக்கம் (பிறர் தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று பிரித்து, பிறர் கொள்கையை முன்னால் வைத்தார். பரபக்கத்தில், கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்கிற உலோகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை 14 தரப்பு. ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்கள் கொள்கை, பிறகு அதற்கு மறுப்பு. பதியை, அதாவது இறைவனை, நிலைநாட்ட வந்த நூல், பதியே இல்லை என்கிறவனுக்கு முதல் இடம் கொடுத்துப் பேசவிடுகிறது.

இது கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. திருப்பிச் சொல்கிறேன் என்று சொல்லி, உள்ளே குத்தலை ஒளித்து வைப்பார்கள்: "அதாவது, ஆதாரம் இல்லாவிட்டாலும் நம்புவேன் என்கிறீர்கள்." நடத்துநர் அந்த இடத்திலேயே நிறுத்தி, பேசியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று கேட்க வேண்டும். "ஆதாரம் இல்லாவிட்டாலும்" என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். "அளந்து பார்க்க முடியாவிட்டாலும்" என்று சொல்லியிருப்பார். இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான் அன்றைய விவாதம்.

கேள்வி, ஜூன் 18

நான்குக்கு இரண்டு என்ற கணக்கு உறுத்துகிறது. நம்புகிறவர்கள் இன்னும் இரண்டு பேர் கிடைத்த பிறகு தொடங்கலாமா?

ஜூன் 18

கிடைத்தால் நல்லது. முதல் மூன்று கூட்டங்களுக்காவது இரு தரப்பும் சமமாக இருக்கட்டும்.

ஜூன் 20

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரு தரப்பு என்று எண்ணியதே பிழை. சமணமும் பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்காத சமயங்கள். பரபக்கத்துப் பட்டியலில் நிரீச்சுர சாங்கியன் என்று ஒருவன் வருகிறான், ஈசுவரன் இல்லாமலே தத்துவம் பேசுகிறவன். இவர்களை எந்த அணியில் உட்கார வைப்பீர்கள்? அறிய முடியாது என்கிறவர், கடவுளை நம்பி மதத்தை நம்பாதவர், சடங்கு மட்டும் செய்து நம்பிக்கையைப் பற்றி யோசிக்காதவர் என்று வட்டத்தில் ஐந்தாறு நிலைகள் இருக்கும். எதிரெதிர் வரிசையாக நாற்காலி போட்டால் இவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். வட்டமாகப் போடுங்கள்.

ஒரே தரப்புக்குள் வரும் மறுப்புதான் பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். ஆக்ஸ்போர்டில் சாக்ரட்டிக் கிளப் என்று ஒன்று இருந்தது. 1942 தொடக்கத்தில் கூட்டங்கள் ஆரம்பித்தன. கிறித்தவ நம்பிக்கைக்கு ஆதரவான வாதங்களையும் எதிரான வாதங்களையும் பேசுவதே அதன் வேலை. ஒருவர் கட்டுரை வாசிப்பார், இன்னொருவர் பதில் சொல்வார், பிறகு பொதுப் பேச்சு. கிறித்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1954 வரை தலைவர். 1948 பிப்ரவரி 2 அன்று அவருடைய ஒரு வாதத்தை அங்கே கிழித்துப் போட்டவர் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம். அவர் நாத்திகர் இல்லை, கத்தோலிக்கர். முடிவு சரியாக இருந்தாலும் வாதம் நிற்காது என்பதுதான் அவர் சொன்னது. லூயிஸ் தன் 'மிராக்கிள்ஸ்' நூலில் அந்த வாதம் இருந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதி 1960-இல் வெளியிட்டார்.

ஆகவே இரு தரப்பையும் சமமாக்கக் காத்திருக்காதீர்கள். நான்கு நம்பாதவர்களில் ஒருவரை, இன்னொரு நம்பாதவரின் வாதத்துக்கு மறுப்பு சொல்ல வையுங்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகு நம்புகிறவர்கள் தாமாக வருவார்கள்.

ஜூன் 26

நடத்துநருக்கு.

கை தூக்கிய வரிசைப்படி பேசவிட்டால் வேகமாகக் கை தூக்குகிறவரே திரும்பத் திரும்பப் பேசுவார். ஒரு தாளில் பெயர் எழுதிக்கொண்டே வாருங்கள். அன்று இன்னும் பேசாதவர் கை தூக்கினால், எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர் பெயர் மேலே போகும். ஒரு விரல் என்றால் புதுக் கருத்து, வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு விரல் என்றால் இப்போது பேசியதற்கு ஒரு திருத்தம் அல்லது தகவல், 20 விநாடி, உடனே பேசலாம். இரண்டு விரலை ஏமாற்றிப் பயன்படுத்துகிறவர் எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். மூன்றாவது முறை "அது புதுக் கருத்து, வரிசைக்கு வாருங்கள்" என்று சொன்னால் போதும்.

நடத்துநர் அன்று தன் கருத்தைச் சொல்லக் கூடாது. சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் தாளை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வட்டத்தில் உட்காரலாம். அந்தக் கூட்டம் முடியும்வரை தாளைத் திரும்ப வாங்கக் கூடாது.

வாய் திறந்து கேட்கத் தயங்குகிறவர்களுக்கு அரைத் தாள்கள். பெயரில்லாமல் எழுதி ஒரு பெட்டியில் போடட்டும், இடையில் இரண்டை எடுத்து வாசியுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறத் தாள், ஒரே மாதிரிப் பேனா. எல்லாரும் ஏதாவது எழுதிப் போட வேண்டும், வெற்றுத் தாளாக இருந்தாலும் சரி. நான்கு பேர் மட்டும் எழுதினால் யார் எழுதியது என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

ஜூலை 1

"வேதத்தில் இருக்கிறது", "அறிவியல் சொல்கிறது": இந்த இரண்டும் பேச்சை அடைத்துவிடும் கதவுகள்.

கேம்பிரிட்ஜில் 1909-இல் தொடங்கிய ஹெரட்டிக்ஸ் சங்கம் இதற்கு ஒரே அடியாகத் தீர்வு சொன்னது. மதம் பற்றிய விவாதத்தில் எந்த அதிகாரத்தையும் ஆதாரமாகக் காட்டக் கூடாது, அதை ஒப்புக்கொண்டால்தான் உறுப்பினர். சுத்தமான விதி. உங்களுக்கு இதையே பரிந்துரைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று முடிவு செய்தேன். நூலைப் பிரமாணமாக ஏற்பதா வேண்டாமா என்பதே உங்கள் விவாதப் பொருள்களில் ஒன்று. அதை வாசலிலேயே முடித்துவிட்டால், ஏற்கிறவர் உள்ளே வரும்போதே தோற்றவராக வருகிறார்.

நம் பழைய அளவை நூல்களின் வழி இன்னும் உதவும். அளவை என்றால் ஒன்றை அறியும் வழி: காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நூலோ பிறரோ சொன்னது). ஒருவர் ஒன்றைச் சொன்னால், எந்த அளவையில் நிற்கிறீர்கள் என்று கேளுங்கள். "உரை" என்றால், அந்த நூலை ஏற்காதவரிடம் அது எவ்வளவு தூரம் செல்லும் என்று அவரே சொல்லட்டும். "அறிவியல் சொல்கிறது" என்பவரிடமும் அதே கேள்வி. அவர் சோதனையைப் பார்த்தாரா, கட்டுரையைப் படித்தாரா, யாரோ சொல்லிக் கேட்டாரா? மூன்றாவது என்றால் அவரும் உரையில்தான் நிற்கிறார். அந்த உரையைச் சரிபார்க்க வழி இருக்கிறது என்பது அவருடைய பலம், அந்த வழியை அவர் எடுத்துக் காட்ட வேண்டும்.

இதற்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்குங்கள். மணிமேகலையின் 27-ஆம் காதையை எடுத்துக்கொள்ளலாம். வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையைச் சொல்ல மணிமேகலை கேட்கிறாள். முடிவில் பூதவாதி, ஐம்பூதங்களே எல்லாம், காட்சி ஒன்றே அளவை என்கிறவன். மறுபிறப்பு என்பதெல்லாம் இல்லை என்கிறான். தன் முற்பிறப்பை அறிந்தவள் நகைத்து, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். அங்கே நிறுத்தி வட்டத்தைக் கேளுங்கள்: இந்தப் பதில் எதை உடைத்தது? காட்சி ஒன்றே அளவை என்பதை உடைத்தது. மறுபிறப்பை நிறுவியதா? இல்லை, அதற்குத் தனி வாதம் வேண்டும். ஒரு பதில் எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று கோடு போட்டுக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 9

சொந்த அனுபவம் வட்டத்துக்குள் வரும் நேரம்தான் மிகவும் கடினமானது. "அம்மா பிழைத்தது வேண்டுதலால்தான்" என்று ஒருவர் சொல்வார். "தம்பி போனதோடு எனக்கு நம்பிக்கை போய்விட்டது" என்று இன்னொருவர். இரண்டையும் குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. அந்தக் கணம் வட்டம் அமைதியாகும்; அந்த அமைதியை உடனே நிரப்பவும் கூடாது.

ஆனால் அனுபவம் சொல்லப்பட்டதாலேயே விவாதம் முடிந்துவிட்டது என்றும் ஆகக் கூடாது. நடத்துநர் இரண்டைப் பிரித்துக் காட்ட வேண்டும்: நடந்தது ஒன்று, அதிலிருந்து எடுத்த முடிவு இன்னொன்று. நடந்ததைப் பற்றிக் கேள்வி இல்லை. முடிவைப் பற்றிப் பேசலாமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் அன்றைக்கு அதைத் தொடக் கூடாது, அதை வைத்து வேறு யாரும் வாதம் கட்டவும் கூடாது. அவரும் அதே அனுபவத்தைத் தன் வாதத்துக்குத் தூணாக வைக்கக் கூடாது. விதி இரு பக்கமும் வெட்டினால்தான் நியாயம்.

ஜூலை 10

நேற்றைய கடைசி விதி சற்றுக் கடுமை. துக்கம் புதிதாக இருப்பவரிடம் அதைச் சொல்லாதீர்கள். அன்றைய தலைப்பை மாற்றிவிடுங்கள்.

கேள்வி, ஜூலை 17

பதிவு செய்ய விண்ணப்பித்தோம். "மதம் சம்பந்தப்பட்டது, பிரச்சினை வரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 17

விண்ணப்பத்தில் என்ன எழுதினீர்கள் என்று ஊகிக்க முடிகிறது: பெயர், "சுதந்திரமான விவாதம்" என்று ஒரு வரி, ஆறு கையெழுத்து. அனுமதி தருகிறவர் உங்கள் நோக்கத்தைப் படிப்பதில்லை. ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்பதைத் தேடுவார். அதை அவர் கையில் கொடுங்கள்.

முதல் நான்கு கூட்டங்களின் கேள்விகள், தேதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம். யார் நடத்துநர். பொறுப்பாசிரியர் பெயர், முடிந்தால் இருவர், வெவ்வேறு நம்பிக்கை கொண்டவர்கள். நடத்தை விதி ஒரு பக்கத்துக்குள்: கருத்தை மறுக்கலாம், ஆளையோ சமூகத்தையோ இழிக்கக் கூடாது, வழிபடும் உருவங்களையும் நூல்களையும் சேதப்படுத்துவதோ கேலிச் சித்திரமாக்குவதோ கூடாது, மதமாற்ற அழைப்பு, பிரசுரம் கொடுத்தல் கூடாது, நம்பிக்கையைக் கைவிடச் சொல்லி ஒருவரைத் தனியே துரத்துவதும் கூடாது. மீறினால் என்ன, யாரிடம் புகார் என்று இரண்டு வரி.

பெயரிலும் கவனம் வேண்டும். "நாத்திகர்" என்றோ "ஆன்மிக" என்றோ தொடங்கும் பெயர் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

நம்பாமை பற்றிப் பேசவும் உரிமை உண்டா என்று கேட்டால், 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ஆம் பிரிவு சிந்தனை, மனச்சான்று, மதம் மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. அந்த உரிமை கடவுள் ஏற்பு, கடவுள் மறுப்பு இரண்டையும், எந்த மதத்தையும் ஏற்காதிருப்பதையும் காக்கிறது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993-இல், குடிமை அரசியல் உரிமை உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவுக்கு எழுதிய விளக்கத்தில் தெளிவாக்கியது. இதை விண்ணப்பத்தின் முதல் வரியாக வைக்காதீர்கள், மிரட்டுவது போல் இருக்கும். கேட்டால் சொல்லுங்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தில் மத நிந்தனை பற்றி என்ன இருக்கிறது என்பதையும் பொறுப்பாசிரியரோடு உட்கார்ந்து ஒரு முறை படித்துவிடுங்கள்.

ஜூலை 30

புகைப்படம் எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்.

வட்டத்தில் இருக்கும் ஒரு பெண் நம்பிக்கை இழந்தது அவள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். கூட்டம் முடிந்து ஒருவர் மகிழ்ச்சியில் செல்ஃபி எடுத்து, பின்னால் பலகையில் "மறுமை உண்டா?" என்று எழுதியிருக்க, இன்ஸ்டாகிராமில் போட்டு எல்லாரையும் டேக் செய்கிறார். இரவுக்குள் அது சித்தப்பா கைபேசிக்குப் போய்விடும். படிப்புச் செலவு, விடுதி, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த ஒரு படத்தில் தொங்கலாம். மறுபக்கமும் அப்படித்தான்: நம்பாத குடும்பத்துப் பையன் தொழத் தொடங்கியிருப்பான், வீட்டில் சொல்லியிருக்க மாட்டான்.

ஆகவே படம், ஒலிப்பதிவு இரண்டும் கிடையாது. விளம்பரத்துக்குக் காலி நாற்காலிகளின் படம் போதும். குறிப்பேட்டில் கருத்து மட்டும் எழுதுங்கள், யார் சொன்னது என்று எழுத வேண்டாம். வருகைப் பதிவு கட்டாயம் என்றால் அது பொறுப்பாசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் எண்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அறிவிப்புக்கு மட்டும், அட்மின் மட்டும் அனுப்பும்படி வைத்தால் பாதிச் சிக்கல் தீரும். நள்ளிரவில் எழுத்தில் நடக்கும் விவாதத்துக்கு நடத்துநரும் இல்லை, முகமும் இல்லை. உடைந்த மன்றங்களில் பல வட்டத்தில் உடைந்தவை அல்ல, குழுவில் உடைந்தவை.

ஆகஸ்ட் 8

ஒரு கூட்டத்தை முழுதாகக் காட்டச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஜூன் 13-இல் சொன்ன வேண்டுதல் கேள்வியையே எடுக்கிறேன்.

கையில் வைத்துக்கொள்ள ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் 6 மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 பேர், 2006-இல் வெளியானது. மூன்று குழு. முதல் குழுவுக்கு அறிமுகமில்லாதவர்கள் 14 நாள் பிரார்த்தித்தார்கள், இரண்டாவதற்கு இல்லை, இந்த இரண்டு குழுவிடமும் "பிரார்த்திக்கப்படலாம், படாமலும் போகலாம்" என்று மட்டும் சொல்லப்பட்டது. மூன்றாவது குழுவிடம் உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லி, அப்படியே செய்தார்கள்.

முடிவைச் சொல்வதற்கு முன் எல்லாரிடமும் தாள் கொடுங்கள். எந்த முடிவு வந்தால் என் எண்ணம் மாறும்? ஒரே வரி. மடித்துப் பையில் வைத்துக்கொள்ளட்டும். பிறகு எண்களைப் பலகையில் எழுதுங்கள். சிக்கல் ஏற்பட்டவர்கள்: முதல் குழுவில் 52 சதவீதம், இரண்டாவதில் 51, மூன்றாவதில் 59.

இரண்டு குதிப்புகள் உடனே வரும். "பிரார்த்தனை பலிக்காது என்று நிரூபணமாகிவிட்டது." "கடவுளைச் சோதனைக் குழாயில் போட முடியாது." இரண்டையும் பலகையில் எழுதி ஓரமாக வையுங்கள். பிறகு கேளுங்கள்: இரண்டாவது குழுவுக்கு யாருமே பிரார்த்திக்கவில்லையா? அவர்கள் வீட்டார் பிரார்த்தித்திருப்பார்கள், அதை யாரும் தடுக்கவில்லை. அப்படியானால் சோதிக்கப்பட்டது எது? அறிமுகமில்லாதவர்களின் கூடுதல் பிரார்த்தனை மட்டும். அடுத்து: மூன்றாவது குழு ஏன் கூடுதலாகச் சிக்கல்பட்டது? "என் நிலைமை அவ்வளவு மோசமா" என்ற பதற்றமாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். கடைசியாக, நம்புகிறவருக்கு: இதே ஆய்வில் முதல் குழு நன்றாகத் தேறியிருந்தால், அப்போதும் கடவுளைச் சோதிக்க முடியாது என்று சொல்லியிருப்பீர்களா? நம்பாதவருக்கு: தேறியிருந்தால் ஏற்றிருப்பீர்களா, ஆய்வில் ஓட்டை தேடியிருப்பீர்களா?

இப்போது மடித்த தாளைத் திறக்கச் சொல்லுங்கள். படித்துக் காட்டக் கட்டாயப்படுத்தாதீர்கள். தான் எழுதியதைத் தானே பார்ப்பது போதும்.

ஆகஸ்ட் 21

வெளிப் பேச்சாளர்: பருவத்துக்கு ஒருவர் போதும். சாமியாரோ, பகுத்தறிவுப் பேச்சாளரோ, 20 நிமிடம் என்று அழைத்தால் 50 நிமிடம் பேசுவார், மரியாதைக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள். எழுத்தை ஒரு வாரம் முன்பே வாங்கி எல்லாருக்கும் கொடுத்துவிட்டால், கூட்டத்தில் 10 நிமிடச் சுருக்கம் போதும். லண்டனில் 1869 முதல் 1880 வரை நடந்த மெட்டாபிசிகல் சொசைட்டி அப்படித்தான் கட்டுரைகளை முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பியது. பேராயர்களும், கடவுளை அறிய முடியாது என்ற உயிரியலாளர் ஹக்ஸ்லியும் ஒரே அறையில் உட்கார்ந்த சங்கம் அது.

மேடை போடாதீர்கள். அவரும் வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்காரட்டும்.

ஆகஸ்ட் 22

பேச்சாளரோடு மறுப்பு சொல்பவரின் பெயரையும் அழைப்பிதழில் போடுங்கள், ஒரே எழுத்தளவில். மறுப்பவர் மாணவராக இருந்தாலும் சரி. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைகிறவன் வாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே "பற்றா மாக்கள் தம்முட னாயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்" என்கிறான்: பகைவரோடும்கூடச் சினமும் சண்டையும் கொள்ளாமல் விலகுங்கள். அழைப்பும் நடத்தை விதியும் ஒரே அறிவிப்பில் வருகின்றன. உங்கள் அழைப்பிதழிலும் விதிகள் இருக்கட்டும்.

செப்டம்பர் 4

கடைசியாகக் கைமாற்றம். இப்படிப்பட்ட மன்றங்கள் பெரும்பாலும் தொடங்கியவர்கள் படிப்பு முடித்துப் போகும் வருடத்தோடு நின்றுவிடுகின்றன. இணைச் செயலர்கள் இருவர் வேண்டும், வெவ்வேறு ஆண்டு மாணவர்கள், வெவ்வேறு நம்பிக்கை நிலை. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பே கூட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஐந்து பேர் வந்த கூட்டத்தின் சோர்வு அடுத்த பருவத்திலும் ஒட்டும். பருவத்தின் கடைசி இரண்டு கூட்டங்களை ஜூனியர்கள் நடத்த, பழையவர்கள் வாய் மூடி உட்கார வேண்டும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரில் மூன்று பத்தி போடுங்கள்: எங்கே பேச்சு சூடாயிற்று, எந்தச் சொல்லால், நடத்துநர் என்ன செய்தார். வாதங்களைப் புத்தகங்களில் தேடிக்கொள்ளலாம். அடுத்த நடத்துநருக்கு வேறெங்கும் கிடைக்காதது அந்த மூன்று பத்திதான்.